இவர் கோகிலவதனி அல்லர்

மூன்றாவது தடவையும் பலகை அதையே சொன்னது. இவர் கோகிலவதனி அல்லர். ஒப்புமை அறுபத்தொரு விழுக்காடு.

வதனி தான் வரைந்த படத்தைக் குனிந்து பார்த்தாள். ஒரு மீனவரின் முகம், பின்னால் அலைச்சுவர், சுவரின்மேல் காயப்போட்ட வலை. இருபத்திரண்டு வருடங்களாக, வருடத்துக்கு ஒருமுறை, இதே அறையில் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதைப் போன்ற ஒன்றைத்தான் அவள் வரைந்து கொடுத்திருக்கிறாள். ஒருபோதும் தொண்ணூற்றைந்துக்குக் கீழே போனதில்லை. எண்பதுக்குக் குறைந்தால் அடையாளம் செல்லாது என்ற விதியை அவள் அறிந்திருந்தாளே தவிர, அது தனக்கான விதி என்று நினைத்ததே இல்லை.

எதிரே இருந்த நவரானா பலகையைத் துடைத்தாள். கிரீன்லாந்தின் மேற்குக் கரையிலிருந்த அந்தத் துறைமுகப் பட்டினத்தில் அடையாளப் பணிமனை என்றால் அவள் ஒருத்திதான். அவள் பேசியது வதனியின் காதில் செருகியிருந்த மொழிபெயர்ப்பி வழியாக நல்ல எழுத்துத் தமிழில் வந்தது.

“வருந்துகிறேன். தங்களைப் பதினொரு ஆண்டுகளாக அறிவேன். ஆனால் நான் அறிவது சான்று ஆகாது.”

“நான் கோகிலவதனிதான்,” என்றாள் வதனி. மொழிபெயர்ப்பிக்குப் பேச்சுத் தமிழ் விளங்காது. அதனிடம் எழுதுவதைப் போலத்தான் பேச வேண்டும். “நான் வேறு யாராக இருக்க முடியும்?”

“பலகையின் கேள்வியும் அதுதான்,” என்றாள் நவரானா. கேலியாகச் சொல்லவில்லை. “பதினான்கு நாள் அவகாசம் இருக்கிறது. ஓய்வெடுத்துவிட்டு வாருங்கள்.”

முகத்தை நம்பிய காலம் முடிந்து நெடுநாளாகிவிட்டது. தெருவுக்கொரு திசு அச்சகம் வந்தபின் முகம், விரல்ரேகை, கண்மணி, இரத்தம் எல்லாமே கேட்டவருக்குக் கேட்டபடி செய்து கொடுக்கக்கூடியவை ஆகிவிட்டன. யார் யாராக நடமாடுகிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாமல் சில வருடங்கள் உலகமே தடுமாறியது. அப்போது கண்டுபிடித்ததுதான் படைப்புரேகை. ஒரு கை கோடு போடுமுன் நூற்றுக்கணக்கான கோடுகளைப் போட எண்ணி, தயங்கி, விட்டுவிடுகிறது. அந்தத் தயக்கம் விரல் நடுக்கத்தில் தெரிகிறது, கண்ணசைவில் தெரிகிறது. எதை எந்த வேகத்தில் விடுகிறோம் என்பது ஆளுக்கு ஆள் வேறு. வரைந்ததைக் காப்பியடிக்கலாம், வரையாமல் விட்டதைக் காப்பியடிக்க முடியாது. ரேகைப்பலகை படிப்பது அந்த விட்டதைத்தான். வரையத் தெரியாதவர்கள் அதன் முன்னால் பாடலாம், மா பிசையலாம், ஒரு கதையை இட்டுக்கட்டிச் சொல்லலாம்.

மற்றவர்களுக்கு அது வருடத்தில் பத்து நிமிடத் தொந்தரவு. நெய்தல் குடியரசிலிருந்து துரத்தப்பட்டவர்களுக்கோ அது ஒன்றுதான் இருந்தது. கடல் ஏறியபின் தென்கரைத் தீவுகளில் உருவான அந்தக் குடியரசு, தனக்குப் பிடிக்காத கலைஞர்களை வெளியேற்றியபோது அவர்களுடைய பிறப்புப் பதிவு, பள்ளிக்கூடப் பதிவு, வீட்டு விலாசம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கப்பலேற்றியது. வதனி செய்த குற்றம் ஒரு சுவரோவியம். அலைச்சுவர் கட்டும்போது இறந்தவர்கள் எவருமில்லை என்று ஆளும் பேரவை அறிவித்த வாரத்தில், அந்தச் சுவரிலேயே இறந்துபோன இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் முகங்களையும் அவள் வரைந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது. மகள் மிதுலாவுக்கு ஐந்து. வெளியேற்றப்பட்டவர்களின் உறவினர் எவரும் நாட்டைவிட்டுப் போகக்கூடாது, அவர்களோடு பேசக்கூடாது என்று ஒரு சட்டம் இருந்தது. மிதுலா அத்தையோடு அங்கேயே நின்றுவிட்டாள்.

பணிமனையிலிருந்து வதனி நேரே கலை மன்றத்துக்குப் போனாள். இறால் தொழிற்சாலைக்குப் பின்னால், பழைய குளிர்க்கிடங்கு ஒன்றில் மன்றம் இருந்தது. தலைவர் அற்புதராசா, அறுபத்தெட்டு வயது, கம்பளிக் காற்சட்டைக்கு மேல் வேட்டி கட்டுபவர். ஊரில் மேடை நாடகங்களுக்குப் பாட்டுக் கட்டிப் பாடியவர். இங்கு வந்தபிறகு அந்தப் பாட்டுகளில் ஒரு சுரமும் பிசகாமல் சனிக்கிழமைதோறும் பாடி வருகிறார். பலகையில் அவருடைய கணக்கு எப்போதும் தொண்ணூற்றொன்பது.

“என்ன, அறுபத்தொண்டோ?” என்றார் அவர். “பலகை பழுதாய் இருக்கும்.”

“மூண்டு தரம் கீறினனான், அண்ணை.”

“உம்மட கொப்பியைக் காட்டும் பாப்பம்.”

வதனி தயங்கித்தான் கொடுத்தாள். அற்புதராசா பக்கங்களைப் புரட்டினார். முன்பக்கங்களில் தடித்த கரிய கோடுகளில் முகங்கள், கண்கள். நடுவில் ஓரிடத்தில் கண்கள் நின்றுபோயின. அதன்பின் முகங்களும் இல்லை. கடைசி நாற்பது பக்கங்கள் வெறும் வெள்ளை போலத்தான் இருந்தன. உற்றுப் பார்த்தால் ஓரத்தில் விரலால் தேய்த்த சாம்பல் நிறம் கொஞ்சம் தெரிந்தது.

“இதென்ன?”

“மூடுபனி எண்டு நினைக்கிறன்.”

“நினைக்கிறீரோ? கீறினது நீர்தானே?”

“ஓம். ஆனா யோசிச்சுக் கீறேல்லை, அண்ணை. எட்டு மாசமாய்க் கையை வைச்சா இதுதான் வருது. என்னெண்டு எனக்கே விளங்கேல்லை. முகம் ஒண்டு தொடங்கினா, தேவையில்லை, விடு எண்டு கை சொல்லுது.”

அற்புதராசா கொப்பியை மூடித் திருப்பித் தந்தார். “இது வதனி இல்லை,” என்றார். சொன்னபின் தான் சொன்னது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டார். “பிள்ளை, அவங்கள் எங்களிட்டை எல்லாத்தையும் பறிச்சுப் போட்டாங்கள். கையை மட்டும்தான் பறிக்க ஏலாமல் போச்சுது. அதை நாங்களாய் விட்டுக் குடுக்கக்கூடாது. நாளைக்கு வேலை முடிய இங்க வாரும்.”

மன்றத்தின் நீளச் சுவரில் அலைச்சுவர் ஓவியத்தின் நகல் முழுதாக மாட்டியிருந்தது. அடுத்த பன்னிரண்டு நாளும் வதனி இறால் தோலுரிக்கும் வேலை முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டு வந்து, அதன் முன்னால் உட்கார்ந்து தன்னுடைய பழைய முகங்களைப் பார்த்து வரைந்தாள். முதலில் கை முரண்டு பிடித்தது. மூக்கின் கோடு இறங்குகையில் அவள் மனம் எங்கோ வெளியே நின்றது. அற்புதராசா பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, நெற்றிக்கோட்டை இவள் எங்கே தொடங்குவாள், எங்கே அழுத்துவாள் என்று ஒவ்வொன்றாக நினைவுபடுத்தினார். அவளுடைய கையைப் பற்றி அவளைவிட அவருக்குத்தான் கூடத் தெரிந்திருந்தது. எட்டாம் நாள் கோடுகள் தடித்து வந்தன. பத்தாம் நாள் கண்கள் பார்த்தன. பன்னிரண்டாம் நாள் முடிக்கையில் நகலுக்கும் அவள் வரைந்ததற்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அற்புதராசா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

“வந்திட்டீர்,” என்றார்.

வதனிக்கு வந்த மாதிரித் தெரியவில்லை. யாரோ ஒருத்தியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு அவளுடைய வீட்டுக்குள் நிற்பது போலிருந்தது. ஆனால் இத்தனை பாடுபட்டவரிடம் அதை எப்படிச் சொல்வது? ஒருவேளை எல்லாருக்குமே உள்ளே இப்படித்தான் இருக்குமோ, தான்தான் இவ்வளவு காலம் கவனிக்கவில்லையோ என்றும் அவள் யோசித்தாள்.

பதினாலாம் நாள் நவரானாவின் முன்னால் அதே முகத்தை வரைந்தாள். கை நடுங்கவில்லை. ஒரு கோடுகூடப் பிசகவில்லை. பலகை வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தது. இந்தத் தடவை விழுக்காடு எதையும் அது காட்டவில்லை. ஒரு குறிப்புத்தான் வந்தது.

பிரதி. கோகிலவதனியின் படைப்புகளை நன்கறிந்த வேறொருவர், அவற்றைப் பார்த்துப் பழகி வரைந்தது.

நவரானா அதை இரண்டு தடவை வாசித்தாள். “சட்டப்படி இதை ஆள்மாறாட்டம் என்று பதிய வேண்டும்,” என்றாள். “நான் அப்படிப் பதியப் போவதில்லை. ஆனால் கோகிலவதனி என்ற பெயரைத் தங்களுக்கு இனித் தரவும் முடியாது. தங்களைப் புதியவர் என்று பதிகிறேன். வேலை போகாது, வீடு போகாது. அட்டை மட்டும்தான் புதிது.”

“அப்படியென்றால் கோகிலவதனி?”

நவரானா இன்னொரு படிவத்தைத் திரையில் திறந்தாள். “அவர் உரிய நாளில் வந்து அடையாளம் கொடுக்கவில்லை. ஆகவே அவரைக் காணாமற்போனவர் என்று பதிய வேண்டியிருக்கிறது. அவரை நன்கறிந்தவர் ஒருவரின் வாக்குமூலம் தேவை.” தலையை நிமிர்த்தாமலே கேட்டாள். “தாங்கள் அவரைக் கடைசியாக எப்போது கண்டீர்கள்?”

இது அறிவில்லாத கேள்வி, எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் வதனிக்கு முதலில் பட்டது. ஆனால் அவள் எழவில்லை. கேள்வியைப் பற்றி யோசிக்கத் தொடங்கியிருந்தாள். எப்போது? போன வருடம் இந்த அறையில் வரைந்தது கோகிலவதனிதான், பலகையே சொல்லியிருக்கிறது. அதற்குப்பின் ஒரு மாரிக்காலம். தொழிற்சாலை யன்னலுக்கு வெளியே பனிமூட்டம் குடாவை மூடி, படகுகளை மூடி, கடைசியில் யன்னல் கம்பியையும் மூடிய ஒரு நாள். அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மிதுலாவின் முகத்தை வரைய உட்கார்ந்தாள். ஐந்து வயது முகம்தான் அவளிடம் இருந்தது. அந்த முகம் இப்போது உலகத்தில் எங்கேயும் இல்லை என்று திடீரென்று பட்டது. கை தாளின்மேல் நின்றது, இறங்கவில்லை. பிறகு விரலால் ஓரத்தை மட்டும் தேய்த்தாள்.

“தை மாதம்,” என்று வதனி சொன்னாள். “இறால் தொழிற்சாலையில். யன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.”

“அவர் எப்படிக் காணப்பட்டார்?”

“களைத்துப் போயிருந்தார்.”

நவரானா எழுதிக்கொண்டாள். பிறகு புதிய அட்டைக்குப் பெயர் கேட்டாள். கோகிலவதனி என்று வைக்கக்கூடாது, அது காணாமற்போனவரின் பெயர். வேறு என்ன பெயர்? வதனிக்கு ஒன்றும் தோன்றவில்லை. நவரானா மீண்டும் கேட்டாள். வதனி தன்னை மறந்து வீட்டுப் பேச்சில், “தெரியேல்லை,” என்றாள்.

மொழிபெயர்ப்பியின் தமிழில் அந்தச் சொல் இல்லை. அதை அது பெயராக எடுத்துக்கொண்டது. அட்டை சூடாக வெளியே வந்தபோது அதில் ‘டெரியெல்லா’ என்று இருந்தது. பிறந்த இடம் என்ற கட்டம் காலியாக இருந்தது. பிறந்த தேதி அன்றைய தேதி.

அடுத்த சனிக்கிழமை அவள் மன்றத்துக்குப் போனபோது கதவு திறக்கவில்லை. உளவாளிகள் நுழையாமலிருக்க மன்றத்தின் வாசலிலும் ஒரு சிறிய ரேகைப்பலகை உண்டு. அதில் ஒரு கோடு இழுத்தால் போதும். அவள் இழுத்த கோட்டைக் கதவு ஏற்கவில்லை. உள்ளே மிருதங்கம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அற்புதராசா வெளியே வந்தார், கதவைத் தனக்குப் பின்னால் சாத்திக்கொண்டு.

“எனக்கு நீர் ஆரெண்டு தெரியும்,” என்றார். “ஆனா இந்த விதி நான் எழுதினது, வதனி. ஒருத்தருக்காக மாத்தினா நாளைக்குப் பேரவையின்ர ஆளும் இதே கதையோட வந்து நிப்பான்.”

“ஓம் அண்ணை. விளங்குது.”

“பலகை பிழையெண்டுதான் நான் நம்புறன்.”

“நான் அப்பிடி நம்பேல்லை,” என்றாள் வதனி. “அதுதான் எனக்குப் பயமாய்க் கிடக்கு.”

அற்புதராசா அவளை நிற்கவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. இருவரும் சிறிது நேரம் வெளியே குளிரில் நின்றார்கள். பிறகு உள்ளே பாட்டு தொடங்கியதும் அவர் போய்விட்டார்.

இரண்டு வாரம் கழித்து நவரானா தொழிற்சாலைக்கே வந்தாள். புதியவர்களுக்குக் கொடுக்க வேண்டிய தாள்களில் ஒன்றை அன்று கொடுக்க மறந்துவிட்டாளாம். எந்தெந்த நாடுகளுக்கு அந்த அட்டையை வைத்துக்கொண்டு போகலாம் என்ற பட்டியல் அது. இருபத்தேழாவதாக நெய்தல் குடியரசின் பெயர் இருந்தது.

“இது பிழை,” என்றாள் வதனி. “எங்களை உள்ளே விடமாட்டார்கள்.”

“கோகிலவதனியை விடமாட்டார்கள்,” என்றாள் நவரானா. “அவர்களுடைய தடைப்பட்டியலும் படைப்புரேகையில்தான் இருக்கிறது. அவர்களும் முகத்தை நம்புவதில்லை. டெரியெல்லா மீது யாருக்கும் எந்த மனத்தாங்கலும் இல்லை.”

செய்தி எப்படிப் பரவியதோ, ஒரு வாரம் கழித்து வேலை முடிந்து வந்தால் வதனியின் வீட்டு வாசற்படியில் அற்புதராசா உட்கார்ந்திருந்தார். அவள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவர் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார்.

“போகப் போறீரோ?”

“நெய்தலுக்கு வர அனுமதி கேட்டு எழுதினனான். வரச் சொல்லிப் பதில் வந்திட்டுது.”

“எப்பிடிச் செய்தனீர்?”

“எதை அண்ணை?”

“மறந்ததை,” என்றார் அவர். “எனக்கும் ஒருக்காச் சொல்லித் தாரும். நான் அங்க குடியிருக்கக் கேக்கேல்லை. ஒருக்காப் போய் அந்தக் கடல்ல காலை நனைச்சிட்டு வந்தாப் போதும்.”

வதனி அவரைப் பார்த்தாள். பிசகாமல் காப்பாற்று, காப்பாற்று என்று இருபத்திரண்டு வருடமாகச் சொல்லி வந்த மனிதர். “நான் ஒண்டும் செய்யேல்லை, அண்ணை,” என்றாள். “செய்திருந்தாச் சொல்லித் தருவன்.”

ஆனாலும் அவர் முயன்று பார்த்தார். அடுத்த நாட்களில் அவளையும் கூட்டிக்கொண்டு பணிமனைக்குப் போய், நவரானாவிடம் கெஞ்சிப் பலகையின் முன்னால் நின்றார். தன் பாட்டுகளையே தலைகீழாகப் பாடினார். இந்த ஊர் மீனவர்களின் பாட்டொன்றைக் கேட்டுப் பழகிப் பாடினார். ஒரு நாள் சுரமே இல்லாமல் வெறுமனே முனகினார். தொண்ணூற்றொன்பது. தொண்ணூற்றொன்பது. கடைசி நாள் தொண்டை அடைத்துப்போய், பாட வாயைத் திறந்துவிட்டுப் பாடாமல் நின்றார். விட்டதைத்தானே பலகை படிக்கிறது. நூற்றுக்கு நூறு என்று அது காட்டியது. நவரானா எழுந்து நின்று அவருக்கு வாழ்த்துச் சொன்னாள். இந்தப் பணிமனையில் நூறு விழுக்காடு எடுத்த முதல் ஆள் அவர்தானாம். அற்புதராசா வேட்டியைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

வதனி ஐப்பசியில் புறப்பட்டாள். பதினாறு நாள் கப்பல். நெய்தல் துறைமுகத்தில் இறங்கியபோது வெயில் கண்ணைக் குத்தியது. குடிவரவு மேசையில் இருந்த இளைஞன் அட்டையைப் பார்த்துச் சிரித்தான்.

“டெரியெல்லா. தெரியேல்லையோ? இதென்ன பேர், அன்ரி?”

“அப்பிடி வைச்சிட்டினம், தம்பி.”

“தமிழ் நல்லாத்தான் கதைக்கிறியள். ஏதாவது கீறுங்கோ.”

பலகையைத் தள்ளினான். சொந்த மண்ணின் காற்று மூக்கில் ஏறியதும் பழைய கை திரும்பி வந்துவிட்டால்? வரவேண்டும் என்று ஒரு மனம் ஏங்கியது. வரக்கூடாது என்று இன்னொரு மனம் கும்பிட்டது. எந்த மனம் தன்னுடையது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. விரலை வைத்தாள். ஓரத்தில் கொஞ்சம் தேய்த்தாள். நிறுத்தினாள்.

“அவ்வளவோ?” என்றான் இளைஞன்.

“அவ்வளவுதான்.”

பலகை பச்சை காட்டியது. தடைப்பட்டியலில் ஒப்புமை எதுவும் இல்லை. “நல்வரவு,” என்று அவன் முத்திரை குத்தினான்.

மிதுலா துறைமுகத்தின் அலைமானி நிலையத்தில் வேலை செய்கிறாள், குடியிருப்பு அதன் பின்னால்தான் என்று இரண்டு வருடத்துக்கு முன் கப்பல்காரர் ஒருவர் செய்தி கொண்டுவந்திருந்தார். அங்கே போகும் வழியில்தான் அலைச்சுவர். வதனி அதன்முன் நின்றாள். இந்த முனையிலிருந்து அந்த முனைவரை வெள்ளையடித்திருந்தார்கள். முகங்கள் இருந்த இடத்தில் வெயிலும் உப்புக் காற்றும் மட்டும் இருந்தன. அடியில் ஈரம் ஏறிய ஓரங்கள் சாம்பல் நிறத்தில் மங்கிக் கிடந்தன. கோபம் வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. அந்த வெள்ளை அவளுக்கு அழகாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்ததும் அவள் விறுவிறுவென்று நடந்தாள்.

கதவைத் திறந்தவளுக்கு இருபத்தேழு வயது. நெற்றி அத்தையின் நெற்றி, வாய் வதனியின் வாய். நிலையத்தின் நீலச் சட்டையோடு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள் போலிருந்தாள். கையில் அகப்பை.

“மிதுலா,” என்றாள் வதனி. என்ன சொல்வதென்று கப்பலில் பதினாறு நாளும் யோசித்து வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. “நான் அம்மா.”

மிதுலா அவளை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் அதிர்ச்சி இல்லை. தெருவை இருபுறமும் பார்த்துவிட்டு, “உள்ளுக்கு வாங்கோ,” என்று கதவைச் சாத்தினாள்.

“இருங்கோ,” என்றாள். “உங்களுக்கு முந்தி ரெண்டு பேர் வந்தவை. ரெண்டு பேருக்கும் அம்மான்ர முகம். அம்மாவோட எனக்குத் தொடர்பு இருக்கோ எண்டு பாக்கப் பேரவை அனுப்பினது. நான் இப்ப வேற ஒண்டும் கதைக்க மாட்டன்.”

“நான் அப்பிடி இல்லை, பிள்ளை. நீ சின்னனில இடியப்பத்தைப் பிச்சு ஒவ்வொரு நூலாய்ச் சாப்பிடுவாய். இடி இடிச்சா மேசைக்குக் கீழ போயிருப்பாய்.”

“அதுவும் அவை சொன்னவை. அம்மாவை விசாரிச்ச கோப்பில எல்லாம் கிடக்குது.” மிதுலாவின் குரலில் கடுமை இல்லை, களைப்புத்தான் இருந்தது. “நீங்கள் துறைமுகத்தால வந்தனீங்களோ?”

“ஓம்.”

“பலகையில கீறினனீங்களோ?”

“ஓம்.”

“பச்சை காட்டினதோ?”

வதனி தலையாட்டினாள்.

“எண்டா நீங்கள் எப்பிடி அம்மாவாய் இருப்பியள்?” என்றாள் மிதுலா. “அவ வந்தா மேசையிலயே பிடிபடுவா. உலகத்தில எந்தக் கரையில போய் இருந்தாலும் அவ மாறமாட்டா. அதை நினைச்சுத்தான் நான் இங்க இருக்கிறன். நாளைக்கு ஒருத்தி துறைமுகத்தில பிடிபட்டாளெண்டு கேள்விப்பட்டா, நான் ஓடிப்போய்ப் பாப்பன். ஆனா உள்ளுக்கு விட்ட ஒருத்தியை எப்பிடி நான் அம்மா எண்டு சொல்லுறது?”

மகள் சொன்னதில் ஒரு பிழையையும் வதனியால் கண்டுபிடிக்க முடியவில்லை. நவரானாவிடம் தானே வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். அவள் மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். இறால் முள் கீறிய தழும்புகள் இருந்தன. அவை யாருடைய கைகளாகவும் இருக்கலாம்.

அடுப்பில் ஏதோ பொங்கும் சத்தம் கேட்டு மிதுலா எழுந்து போனாள். கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றாள். திரும்பி வந்தபோது கையில் இரண்டு தட்டுகள் இருந்தன, புட்டும் மீன்குழம்பும்.

“நீங்கள் ஆரெண்டு தெரியாது,” என்றாள். “ஆனா முந்தி வந்த ரெண்டு பேரும் வந்த உடனே அழுதவை. நீங்கள் அழேல்லை. தூர இருந்து வந்திருக்கிறியள். சாப்பிட்டிட்டுப் போங்கோ.”

வதனி சாப்பிட்டாள். குழம்பில் புளி கொஞ்சம் கூடியிருந்தது. பாதித் தட்டில் மிதுலா நிறுத்தினாள்.

“நேரா ஒண்டு கேக்கிறன். எங்கட அம்மாவை உங்களுக்கு உண்மையிலேயே தெரியுமோ?”

வதனி வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு யோசித்தாள். ஓம் என்றாலும் பொய் போலிருந்தது, இல்லை என்றாலும் பொய் போலிருந்தது.

“தெரியும்,” என்றாள். “எல்லாம் தெரியாது. கொஞ்சம் தெரியும்.”

“அங்க எப்பிடி இருந்தவ?”

மிதுலா நாற்காலியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துக்கொண்டாள். தட்டில் கை அப்படியே காய்ந்துகொண்டிருந்தது, அவள் கழுவப் போகவில்லை. வதனி தண்ணீரைக் குடித்துவிட்டு, கோகிலவதனி என்ற ஒருத்தியைப் பற்றி, தனக்கு நினைவிருந்த அளவில், மெல்லச் சொல்லத் தொடங்கினாள்.